நல்ல தண்ணீர் மோட்டாரின் பாக்கி

மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் பீஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். ஸ்டார்ட்டர் டக்கென்று விடும். குழாய் ஒரு முறை உதறும். பிறகு மூன்று வெள்ளைப் பீங்கான் கட்டைகளையும் ஒவ்வொன்றாக இழுத்தால், அப்போதுதான் இட்ட முட்டைபோல உள்ளங்கையில் சூடாக இருக்கும். இருபது வருடத்துக்கும் மேலாக இந்தச் சூட்டைக் கையில் வாங்கி வருகிறேன். கரண்ட் பில் கட்டாத மாவு மில்லில் பிடுங்கியிருக்கிறேன், கோழிப்பண்ணையில், பாதி கட்டிய கல்யாண மண்டபத்தில், என் சொந்தச் சித்தப்பா வீட்டில்கூட. எல்லா இடத்திலும் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் காலைப் பிடித்தார், ஒருவர் கல்லை எடுத்தார்.

ஊராட்சியின் தண்ணீர் மோட்டாரில் பிடுங்கினால் மட்டும் யாரும் வர மாட்டார்கள். கடன்பட்டவர் இவர் என்று காட்ட அங்கே ஒரு முகம் இருக்காது. ஊராட்சி மின்வாரியத்துக்குத் தர வேண்டும். ஊராட்சிக்கு மேலிருந்து வர வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு அதற்கும் மேலிருந்து வர வேண்டும். ஒரே சட்டையின் இடது பை வலது பைக்குப் பட்ட கடன். அது வருடக்கணக்கில் காகிதத்தில் தூங்கும். என்றைக்காவது யாரோ தட்டி எழுப்புவார்கள், துண்டிக்க வேண்டிய இணைப்புகளின் பட்டியல் ஒன்று எங்கள் கைக்கு வரும். அப்போதும் எங்களுக்குள் எழுதாத ஓர் ஏற்பாடு உண்டு. குடிக்கிற தண்ணீரில் கை வைப்பதில்லை. துவைக்கவும் மாடு கழுவவும் ஓடுகிற உப்புத் தண்ணீர் மோட்டாரில்தான் கட்டையைப் பிடுங்குவோம். இரண்டு நாளில் காலிக் குடங்கள் ஊராட்சி அலுவலக வாசலுக்குப் போகும். ஏதோ கொஞ்சம் கட்டுவார்கள். கட்டை திரும்பப் போய் உட்காரும்.

நான் வயர்மேன். என் மனைவி எங்கள் ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். மோட்டார் போடுவது, தொட்டி நிரப்புவது, தெருவுக்குத் தெரு வால்வைத் திருப்பி விடுவது அவள் வேலை. எங்களை ஒன்றாகப் பார்த்தால் இண்டூர் டீக்கடையில் ஒரு கேள்வி நிச்சயம்.

"ஒருத்தரு கரண்டு, ஒருத்தரு தண்ணி. ஷாக் அடிக்காம எப்பிடிப்பா குடும்பம் ஓட்டறீங்க?"

"அடிக்கும்ங்க" என்பாள் அவள். "நான் செருப்பு போட்டுக்குவேன்."

எங்கள் ஊர் இண்டூருக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவே, சாலையிலிருந்து விலகி, இரண்டு ஆழ்துளைக் கிணறுகளை நம்பி இருக்கிறது. ஊர் நடுவில் இருக்கும் பழைய கிணற்றைக் குடித்து வளர்ந்தவன் நான். அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு என்று பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர்கள் சொல்லித்தான் தெரியும். அதுவரை பல் பழுத்திருப்பதுதான் எங்கள் ஊர் முகம் என்று நினைத்திருந்தோம். கல்யாணப் போட்டோவில் நான் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறேன். அவளும்தான். பிற்பாடு ஏரிக்கரையில் போட்ட கிணற்றில் வேறு தண்ணீர் வந்தது. அதைத்தான் நல்ல தண்ணீர் என்கிறோம். பழையதை உப்புத் தண்ணீர் என்று தள்ளி வைத்தோம். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்த பிறகும் மேட்டுத் தெருக்களுக்கு அதன் வேகம் ஏறவில்லை. ஊர் நம்பியது ஏரிக்கரை மோட்டாரைத்தான். என் மகள் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவள். அவள் சிரித்தால் பற்கள் அத்தனையும் வெளியே வந்து வேடிக்கை பார்க்கும்.

ஒரு காலத்தில் எங்கள் ஊரில் யாரும் குழாய் வரி கட்டுவதில்லை. "கட்டி என்னத்தக் கண்டோம்" என்று கதவு சாத்திக்கொள்ளும். ஊராட்சிச் செயலர் ரசீதுப் புத்தகத்தோடு தெருவில் இறங்கினால் தெருவே காலியாகிவிடும். அப்போது ஒரு கிராம சபையில், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, என் மனைவி எழுந்தாள். நான் பின்வரிசையில் இருந்தேன். அவள் தொண்டையைச் செருமிய விதத்திலேயே எனக்குப் பயமாக இருந்தது.

"வரியக் குடுங்க. அதுல மொதல்ல நல்ல தண்ணி மோட்டாரு பில்லு. மிச்சம் இருந்தாத்தான் மத்தது. கட்டின ரசீத ஏரிக்கர ரூம்பு கதவுல ஒட்டச் சொல்றேன். நம்பரு சொவத்துல இருக்குது, ரசீதுலயும் இருக்குது. படிக்கற புள்ளைங்கள உட்டு ஒப்பிட்டுப் பாத்துக்குங்க. தப்பா இருந்தா என்னக் கேளுங்க."

அன்றிலிருந்து செயலர் தனியாகப் போவதில்லை. அவள் முன்னால் போவாள், கதவு திறக்கும். மின்வாரிய ரசீது ஒவ்வொன்றும் மைதாப் பசையில் மோட்டார் அறைக் கதவில் ஏறியது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டிக் கதவே தடித்துப்போனது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நின்று உரக்கப் படிப்பார்கள். பழைய கிணற்றுக்கு மோட்டார் வைத்ததும் ஏரிக்கரைக் கிணறு போட்டபோதுதான். இரண்டு மின் இணைப்பும் ஒரே வருடம் கொடுத்தவை, எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. "ரசீதுல நாப்பத்தொண்ணு! சொவத்துல நாப்பத்தொண்ணு!" உப்புத் தண்ணீர் அறைச் சுவரில் நாற்பத்திரண்டு. அதற்குக் காசு மிஞ்சியதே இல்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் குடிதண்ணீர் மோட்டார் பாக்கி இல்லாத ஊர் எங்கள் ஊர் என்று அவள் பொம்மிடியில் இருக்கும் தன் அக்காவிடம் போனில் சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "எங்க தண்ணி எங்க காசுல ஓடுதுக்கா." அதைச் சொல்லும்போது அவள் நிற்கிற நிற்பு, தொட்டியைவிட உயரம்.

ஒரு கோடைக் காலையில் பட்டியல் வந்தது. எங்கள் பிரிவு அலுவலகத்தின் பொறியாளர் அதில் விரல் வைத்தார்.

"உங்க ஊரு வந்திருக்கே. நாப்பத்திரண்டு. குடிதண்ணி இல்லதானே?"

"இல்லைங்க சார். உப்புத் தண்ணி."

"அப்ப நீங்களே போயிடுங்க. வெளியாளு போனா உங்க வீட்டம்மா கம்பத்துல கட்டி வெச்சிடுவாங்க."

"நான் போனாலும் அதேதான் சார்."

மொபெட்டில் வரும் வழியெல்லாம் ராகி அறுத்த காடுகள். கவிதை எழுதுகிறவன், மனம் ஒரு இடத்தில் நிற்காத ஆள் நான். அது கம்பம் கம்பமாகத் தாவிக்கொண்டே வந்தது. உப்புத் தண்ணீர் அறைக்குள் போய், எப்போதும் செய்வதுபோல, மீட்டர் முகத்தில் இருந்த தூசியைக் கட்டை விரலால் துடைத்தேன். பிடுங்குவதற்கு முன் மீட்டரில் பொறித்த எண்ணை, பட்டியலில் இணைப்பு எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் மீட்டர் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அது முறை. ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை.

ஏரிக்கரைக்குப் போனேன். நல்ல தண்ணீர் மீட்டரைத் துடைத்தேன். பட்டியலில் இருந்த எண் ஒவ்வொரு இலக்கமாக அங்கே இருந்தது.

சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கிராம சபையில் எழுந்து பேசியதற்கு முந்தைய பொங்கல். ஊராட்சி சுண்ணாம்பு கொடுத்தது; அவள் தானே மட்டை எடுத்து இரண்டு அறைக்கும் வெள்ளையடித்தாள். பழைய எண்கள் உள்ளே போய்விட்டன. வேலை முடிந்து வந்த நான், "நம்பரை நான் எழுதித் தர்றேன்" என்று கறுப்புப் பெயின்ட் டப்பாவைக் கையில் எடுத்தேன். எண் எனக்கு மனப்பாடம். ஈரம் காயாத வெள்ளையில் கறுப்பு வழுக்கி இறங்கியபோது மனதில் ஒரு கவிதை வரி வந்தது. அந்த வரியைத் துரத்திக்கொண்டே எழுதினேன். வரி இப்போது நினைவில் இல்லை. எண்கள் மட்டும் இடம் மாறி நின்றுவிட்டன.

ரீடிங் எடுக்க வருகிறவர் மீட்டரைப் பார்ப்பார். சுவரைப் பார்க்க மாட்டார். ஊர் சுவரைப் பார்த்தது, மீட்டரைப் பார்க்கவில்லை. இத்தனை காலமும் ஊர் கட்டியது உப்புத் தண்ணீருக்கு. கடனில் கிடந்தது நல்ல தண்ணீர். பிள்ளைகள் சத்தமாகப் படித்து ஒப்பிட்ட ரசீது அத்தனையும் வேறொரு மோட்டாருடையது.

வழி ஒன்று இருந்தது. உப்புத் தண்ணீர் அறைக்குத் திரும்பி, சுவரில் எழுதியிருக்கிறபடியே அங்கே பிடுங்கிவிட்டு, பட்டியலில் 'துண்டிக்கப்பட்டது' என்று எழுதினால் முடிந்தது. அவள் சொன்ன வார்த்தை அப்படியே நிற்கும். எழுந்து அந்தப் பக்கம் நடக்கவும் ஆரம்பித்தேன். எதிரே அவள் சாவிக்கொத்தோடு வந்தாள். மோட்டார் போடுகிற நேரம்.

"என்ன மாமா, மூஞ்சி பீஸ் போன மாதிரி இருக்குது?"

சொன்னேன். அவள் நேராக அறைக்குள் போனாள். மீட்டர் எண்ணில் ஒரு விரல், பட்டியலில் ஒரு விரல். வாய்விட்டுப் படித்தாள். வெளியே வந்து கதவைப் பார்த்தாள்.

"அப்ப இதெல்லாம்?"

"உப்புத் தண்ணியோடது."

"சொவத்துல எழுதினது யாரு?"

"நான்தான்."

"நெனச்சேன். அன்னிக்கு என்னமோ முணுமுணுத்துக்கிட்டே எழுதுனீங்க. சாமி கும்பிடறீங்களாட்டம்னு உட்டுட்டேன்."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"உப்புத் தண்ணியிலயே புடுங்கிட்டுப் போயிடறேன்" என்றேன். "யாருக்கும் தெரியாது."

"அடுத்த மாசம் வரிக்குப் போவேனே மாமா. காசு குடுங்க, நல்ல தண்ணிக்குன்னு கேக்கணுமே. அந்தப் பேச்சு எனக்கு வாயில வராதுங்க." சாவிக்கொத்தை இடுப்பில் சொருகினாள். "நாமளே போயி சொன்னா அது தப்பு. அவங்களா கண்டுபுடிச்சா அது திருட்டு. புடுங்குங்க."

"குடிக்கிற தண்ணி."

"தொட்டியில முக்கா இருக்குது. வூட்டுக்கு ரெண்டு கொடம்னு ரெண்டு நாளு ஓட்டிருவேன். உங்க ஆபீசுல நீங்க பேசுங்க. ஊருல நான் பேசறேன்."

அவள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மோட்டாரின் மூன்று கட்டைகளையும் நான் பிடுங்கினேன். அன்று மோட்டார் இன்னும் ஓடியிருக்கவில்லை. கட்டைகள் சில்லென்று இருந்தன.

அன்று சாயங்காலம் பொதுக்குழாயடியில் குடங்கள் வரிசையில் நின்றபோது, துவைக்கிற கல்மேல் ஏறி நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் கொடுத்த காசு உப்புத் தண்ணீருக்குப் போயிருக்கிறது. நல்ல தண்ணீர் பாக்கியில் இருக்கிறது. இன்றைக்கு பீஸ் பிடுங்கியாகிவிட்டது. வீட்டுக்கு இரண்டு குடம்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் குடங்கள் தரையில் மோதின.

"உப்புத் தண்ணிக்கா கட்டினோம்? தெரிஞ்சிருந்தா எம் மாட்டையே வரி கட்டச் சொல்லியிருப்பேனே!"

வரிசையில் மூன்றாவதாக நின்ற ஆட்டுக்காரம்மா முன்னால் வந்தாள். கடைசித் தெருவில் இருக்கும் கன்னடக் குடும்பம். வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ், கோபத்தில் இரண்டும். "சுள்ளு ஏளபேட! பொய் சொல்லாத! புருசன் கரண்டு ஆபீசு, பொண்டாட்டி தொட்டி. ரெண்டு பேரும் சேந்து தின்னுட்டு நம்பரு மாறிப்போச்சுன்னு கதை உடறயா? ஆடு வித்த காசுடி அது!"

நான் முன்னால் போனேன். "மாத்தி எழுதினது நான்தாங்க" என்றேன்.

"உன்ன யாரு கேட்டா?" என்றார்கள் நான்கைந்து பேர். அவர்கள் கேட்டது அவளைத்தான். வார்த்தை கொடுத்தவள் அவள்.

செயலர் அவள் பக்கத்தில் ஒதுங்கி, "மீட்டர் கோளாறுன்னு சொல்லிடும்மா, நம்ம மேல வராது" என்று கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. அவள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "மீட்டரு நல்லாத்தான் ஓடுதுங்க. எங்க வூட்டுக்காரரு கைதான் கோளாறு." ஓர் ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"பேச்ச நம்பாதீங்க. வந்து பாருங்க" என்று கல்லிலிருந்து இறங்கி நடந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு அறைக்கும் கூட்டிப் போனாள். ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஆட்டுக்காரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மருமகளை இரண்டு முறை படிக்க வைத்தாள். பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தாள். கடைசியில் தன் இரண்டு குடத்தைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அன்றிரவு என் மனைவி சாப்பிடவில்லை. "தின்னுட்டோம்னு சொல்லிட்டா மாமா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

மறுநாள் செயலரின் கடிதத்தோடு பொறியாளர் முன்னால் நின்றேன். இரண்டு இணைப்பும் ஊராட்சி பெயரில்தான். ஒன்றுக்குக் கட்டியதை இன்னொன்றுக்கு மாற்ற மேலிடத்தில் கேட்கலாம், ஆனால் தவறு எப்படி நடந்தது என்று எழுத்தில் வேண்டும் என்றார்.

"எழுதிக் குடுத்தா உங்களுக்கு மெமோ வரும், தெரியும்ல? சுவத்துல நம்பர் எழுதறது உங்க வேலையே இல்ல."

"வரட்டும் சார்."

ஒரு தாள் கொடுத்தார். எத்தனையோ வரிகள் எழுதி அடித்து எழுதியவன் நான். ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் அலைந்திருக்கிறேன். அந்தத் தாளில் ஒரு அடித்தல் இல்லை. வெள்ளையடித்த சுவரில் இரண்டு மின் இணைப்பு எண்களையும் கவனக்குறைவால் மாற்றி எழுதியவன் நான். தொட்டி ஆபரேட்டருக்கோ ஊர் மக்களுக்கோ இதில் எந்தப் பங்கும் இல்லை. கையெழுத்து. அவ்வளவுதான்.

பொறியாளர் அதை இரண்டு முறை படித்தார். மேலே போனில் பேசினார். இரண்டாம் நாள் மத்தியானம், நல்ல தண்ணீர் கட்டைகளைத் திரும்பப் போடவும், வழக்கப்படி உப்புத் தண்ணீரில் பிடுங்கவும் சொல்லிவிட்டார். போட்டேன். அவள் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்திவிட்டுக் குழாயில் காது வைத்து நின்றாள். தண்ணீர் ஏறுகிற அதிர்வு அவள் கன்னத்தில் தெரிந்தது. பாக்கி இப்போது அதற்குரிய இடத்துக்குப் போனது. உப்புத் தண்ணீர் நின்றது. மாடுகள் காட்டுக் கிணறுகளுக்கு நடந்தன. முணுமுணுப்பு இருந்தது, குடம் மட்டும் ஊராட்சி வாசலுக்குப் போகவில்லை. மெமோவும் வந்தது. அதைப் படித்துவிட்டு, "தமிழு நல்லா எழுதியிருக்காங்க" என்றாள்.

ஆனால் அவள் கணக்கு இன்னும் தீரவில்லை. கதவு திறக்குமா என்பதுதான் அது. வரி மாதம் வந்தது. செயலர் பின்வாங்கினார். "இந்த மாசம் வேணாம்மா. கொஞ்சம் ஆறட்டும்."

"களி மாதிரிங்க இது. ஆறினா கெட்டியாயிடும்" என்று ரசீதுப் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் கூட வருகிறேன் என்றேன். "நீங்க வராதீங்க. பீஸ் புடுங்க வந்துட்டாங்கன்னு ஊரே கதவ சாத்திக்கும்."

கடைசித் தெருவில் ஒரு வீட்டுக்குப் போகும் ஒயர் தொங்கிப்போயிருந்தது. அதைக் கட்ட அன்று கம்பம் ஏறினேன். வேண்டுமென்றேதான் ஏறினேன் என்று வைத்துக்கொள்ளலாம். மேலிருந்து மூன்று தெருவும் தெரிந்தது. நீலச் சேலையில் அவள், பின்னால் இருபது அடி தள்ளிச் செயலர்.

முதல் வீடு திறந்தது. இரண்டாவது வீட்டில் வெகுநேரம் பேசினார்கள், கை நீளவில்லை. மூன்றாவது சாத்தியிருந்தது, உள்ளே தொலைக்காட்சி ஓடியது. நான்காவது வீட்டில் தின்பண்டம் தின்றுகொண்டிருந்த பிள்ளையை அனுப்பி, அம்மா இல்லை என்று சொல்ல வைத்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அதே நிற்பு. கையில் பிளேயரைப் பிடித்தபடி நான் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். பாதி வாழ்க்கையைக் கம்பத்தின் மேல் கழித்தவன். அன்றுதான் முதல்முறை கையில் இருந்த வேலையை மறந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெருக்கோடியில் ஆட்டுக்காரம்மா பட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். என் மனைவி அவள் எதிரில் போய் நின்றாள். இரண்டு பேரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஆட்டுக்காரம்மா மடியை அவிழ்ப்பது தெரிந்தது. காசை எண்ணி வைத்தாள். ரசீதை வாங்கி மருமகளிடம் நீட்டினாள். மருமகள் படித்தாள். பிறகு ஆட்டுக்காரம்மா ஒரு காரியம் செய்தாள். ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு, என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வந்த வழியே தெருவில் திரும்ப நடந்தாள். அம்மா இல்லை என்று சொன்ன வீட்டுக் கதவைக் கையால் படபடவென்று அடித்தாள்.

"பாகிலு தெகி! தெறடி கதவ! பொய் சொல்றவளா இருந்தா கல்லு மேல ஏறி நின்னு சொல்லியிருப்பாளா? எடு காச!"

கன்னடத்தில் கேட்ட அந்தக் குரலுக்குத் தமிழ்க் கதவு திறந்தது. அடுத்து, தொலைக்காட்சி ஓடிய வீடு. அதுவும் திறந்தது. இரண்டு கதவுகள் அன்று கடைசிவரை திறக்கவில்லை, இன்றுவரையும் திறக்கவில்லை. ஆனால் கீழே, வெயிலில், ஒருத்தி தட்ட ஒருத்தி எழுத, என் மனைவி வாய் நிறையச் சொல்லிக்கொண்டே போனாள்: "நல்ல தண்ணிக்குங்க. நல்ல தண்ணிக்கு."

ஒயரைக் கட்டி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. நான் இறங்கவில்லை.